ஐஞ்சு பேரும் ஏறியாச்சு

உது கூடாரமே, தம்பி? அந்த நீளப் பையைத்தான் கேக்கிறன். ஓம்? நெடுந்தீவுக்கோ? நல்லது. அங்கை போற மோட்டர்ப் போட்டு வர இன்னும் முக்கால் மணித்தியாலம் கிடக்கு. இப்பிடி வந்து நிழலுக்கை இருங்கோ. வெய்யிலுக்கை நிண்டாப்போலை போட்டு கெதியா வராது.

நான் போகேல்லை. அங்கையிருந்து ஆளொண்டு வருகுது, கூட்டிக்கொண்டு போக வந்தனான். சும்மா இருக்கிற நேரத்துக்கு உங்களுக்கு ரெண்டு விசயம் சொல்லலாம். கூடாரத்தோடை தீவு தீவாய்த் திரியிறது லேசுப்பட்ட வேலையில்லை, எனக்கு அனுபவம் இருக்கு. இராசநாயகம் மாஸ்டர் எண்டால் சுன்னாகத்திலை எல்லாருக்கும் தெரியும். இருபத்தெட்டு வருசம் சாரணர் மாஸ்டர். எத்தினை காம்ப், எத்தினை நூறு பெடியள். ஒருத்தனைக்கூட நான் துலைக்கேல்லை.

கட்டின மனிசியைத்தான் துலைச்சன். அதுவும் ஒருக்காத்தான்.

சிரிக்காதேங்கோ. உதைத்தான் சொல்ல வந்தனான். போன ஆடி மாசம். மகள் சுகந்தினி கனடாவிலையிருந்து வந்து நிண்டவள், புருசன் ஜெயரூபன், பேத்தி ஆரணி, எட்டு வயசு. மகள்தான் சொன்னவள், "அப்பா, கார் எடுத்து ஹோட்டலிலை நிக்கிறதெல்லாம் அங்கையும் இருக்கு. கூடாரம் போட்டுத் தீவெல்லாம் பாப்பம்" எண்டு. எனக்குச் சந்தோசம். திட்டம் முழுக்க நான் போட்டன். முதல் நாள் காரைநகர்க் கடற்கரை. அடுத்த நாள் பாதையிலை ஊர்காவற்துறை. பாதை தெரியுந்தானே, வாகனத்தையும் ஆளையும் ஏத்திக்கொண்டு போற தட்டையான தெப்பம் மாதிரி ஒண்டு. பேந்து நயினாதீவு, கடைசியா நெடுந்தீவு. நாலு நாள், ஐஞ்சு பேர்.

வேலை பிரிச்சுக் குடுத்தன். காம்ப் எண்டால் எல்லாருக்கும் வேலை இருக்க வேணும். மருமகனுக்கு விறகு. மகளுக்குத் தண்ணி. பேத்திக்கு அடுப்புக்குக் கல்லுப் பொறுக்கிறது. எனக்கு மேற்பார்வை. மனிசிக்குச் சமையல், சட்டி பானை கழுவுறது, உடுப்புக் காயப்போடுறது, சாமான் பாக்கிறது. அவவுக்கு உதெல்லாம் பழக்கம், அதாலை ஒண்டும் சொல்லேல்லை. தவமலர் எண்டு பேர். முப்பத்தாறு வருசமா ஒண்டும் சொல்லாத மனிசி. குடுத்து வைச்சவன் நீ எண்டு என்ரை சிநேகிதர் எல்லாரும் சொல்லுவினம்.

மருமகன் கனடாவிலையிருந்து ஒரு கூடாரம் கொண்டு வந்தவர். தூக்கி எறிஞ்சால் தானா விரியும். எனக்கு அதைப் பாக்கவே சகிக்கேல்லை. எறிஞ்சு விரியிறதுக்குப் பேர் குடை. "மாமா, ரெண்டு செக்கன்தான்" எண்டார். நான் விடேல்லை. பள்ளிக்கூடத்துப் பழைய கான்வஸ் கூடாரம், தடி, முளை, கயிறு எல்லாம் வைச்சிருந்தனான். ரெண்டரை மணித்தியாலம் மெனக்கெட்டு அடிச்சன். பின்னேரம் நாலு மணிக்குச் சோளகக் காத்து ஒரு அடி அடிச்சுது. எல்லாரும் ரீ குடிச்சுக்கொண்டிருக்கேக்கை கூடாரம் அப்பிடியே எழும்பி, நடந்து போய்க் கடலுக்கை விழுந்திட்டுது. பேத்தி கைதட்டினாள். அது காத்தின்ரை பிழை, தம்பி. என்ரை முடிச்சு ஒண்டும் அவிழேல்லை. முளையோடைதான் போனது.

பேந்து எறியிற கூடாரத்திலைதான் படுத்தம்.

மனிசிக்குக் கடலிலை இறங்க ஆசை. அண்டைக்கு வந்து மெதுவாக் கேட்டவ, "இஞ்சாருங்கோ, நானும் காலொருக்கா நனைச்சிட்டு வரட்டே?" எண்டு. நான் சொன்னன், "எல்லாரும் இறங்கினால் சாமானை ஆர் பாக்கிறது? முதல் நாங்கள் குளிச்சிட்டு வாறம்." நாங்கள் குளிச்சிட்டு வர இருட்டிப்போச்சு. அடுத்த நாளும் அப்பிடித்தான் நடந்தது. நாலு கடற்கரையிலையும் அவ பையளோடை இருந்தவ. ஒரு பைகூடத் துலையேல்லை, பாருங்கோ. பொறுப்பான ஆள்.

ஊர்காவற்துறைக்குப் பாதையிலை போகேக்கை மகள் பக்கத்திலை வந்து நிண்டாள். அவள் அப்ப நாலு மாசம்.

"அப்பா, பிள்ளை மார்கழியிலை கிடைக்கும். அம்மாவை ஒரு ஆறு மாசம் என்னோடை விடுங்கோவன். ஆரணியின்ரை நேரம் நான் தனியக் கிடந்து பட்டது போதும்."

"அம்மாவுக்குக் குளிர் ஒத்து வராது, பிள்ளை."

"அம்மா சொன்னவவோ?"

"சொல்லத் தேவையில்லை. எனக்குத் தெரியும்."

"அம்மாவைக் கேப்பமே?"

"கேட்டு என்னத்துக்கு அவவைக் குழப்புறாய்? அவவுக்கு என்னை விட்டிட்டு இருக்கேலாது" எண்டன்.

மகள் கடலைப் பாத்துக்கொண்டு நிண்டாள். கண் கலங்கின மாதிரி இருந்தது. உப்புக்காத்து எண்டு நினைச்சன்.

நெடுந்தீவிலை செலஸ்ரீனா எண்டொரு பிள்ளையின்ரை வளவுக்கை கூடாரம் போட்டம். புருசன் கடலுக்குப் போற ஆள். அவள் நல்ல வாய்க்காரி. எங்கடை மனிசியோடை ஒட்டினவள்தான், விடேல்லை. நாங்கள் குதிரை பாக்க, கோட்டை பாக்க, பெருக்குமரம் பாக்க எண்டு போட்டு வரேக்கையெல்லாம் ரெண்டு பேரும் அடுப்படியிலை இருந்து சிரிக்கிற சத்தம் கேக்கும். எங்கடை வீட்டிலை அப்பிடிச் சத்தம் கேட்டதா எனக்கு ஞாபகமில்லை. ஓ, எங்கடை மனிசிக்குச் சிரிப்பும் வரும் எண்டு நினைச்சிட்டு, குதிரையைப் பற்றி மருமகனுக்கு விளங்கப்படுத்தினன்.

கடைசி நாள் பின்னேரப் போட்டு. துறையிலை சரியான சனம். இடிச்சுக்கொண்டு ஏறுதுகள். மகளுக்குப் போட்டின்ரை உள்ளுக்கை இருந்தால் வயித்தைப் பிரட்டிச் சத்தி வரும், அதாலை அவளையும் புருசனையும் பேத்தியையும் மேல்தட்டுக்கு அனுப்பினன். மூண்டு. நான் நாலு. உள்ளுக்கை எட்டிப் பாத்தன், கத்தரிப்பூ நிறச் சீலை. ஐஞ்சு. "ஐஞ்சு பேரும் ஏறியாச்சு! எடுக்கலாம்!" எண்டு கத்தினன். போட்டுக்காரர் என்னைக் கேட்டு எடுக்கிறேல்லைத்தான். எண்டாலும் ஒரு முறை இருக்கெல்லே.

அந்தச் சீலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேணும். தீபாவளிக்கு நான்தான் எடுத்துக் குடுத்தது. கழிவு விலை. யாழ்ப்பாணத்திலை பாதிப் பொம்பிளையள் அண்டைக்கு அதைத்தான் எடுத்தவை. நான் என்ன செய்யிறது?

உள்ளுக்கை இருட்டு. சன்னலெல்லாம் அடைச்சிருக்கு, எண்டாலும் தண்ணி அடிக்குது. அவ தலையிலை ஒரு துவாயைப் போட்டு முகத்தையும் மூடிக்கொண்டு, முன்னாலை பையிலை கவிண்டு கிடக்கிறா. தலைச்சுத்தாக்கும் எண்டு நினைச்சன். பக்கத்திலை இருந்தன். இருந்து, கதைக்கத் தொடங்கினன்.

ஒரு மணித்தியாலம், தம்பி. முழுசா ஒரு மணித்தியாலம்.

காத்து எந்தப் பக்கத்தாலை அடிச்சது, கூடாரம் ஏன் போனது, மருமகனுக்கு விறகு கொத்தத் தெரியாது, எல்லாம் சொன்னன். அவ ஒண்டும் கதைக்கேல்லை. அதிலை எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியேல்லை. கடைசியா மகள் கேட்டதையும் சொன்னன். "சுகந்தி உன்னைக் கனடாவுக்குக் கேட்டவள். நான் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன். உனக்கும் அதுதானே விருப்பம்?" எண்டு கேட்டன். தலையாட்டினா. வடிவா ரெண்டு தரம் ஆட்டினா. எனக்கு மனசுக்கு நிம்மதியாப் போச்சு. பாத்தியே, நான் சொன்னது சரிதானே எண்டு நினைச்சுக்கொண்டு நானும் கொஞ்சம் கண்ணயர்ந்தன்.

இந்தா, இதே துறையிலை போட்டு வந்து கட்டுது. அவ நிமிர்ந்து துவாயை எடுக்கிறா. நான் பாக்கிறன். வேறை பொம்பிளை!

"ஆர் நீங்கள்?" எண்டன்.

"நீங்கள் ஆர்?" எண்டா. "ஏறின நேரம் துடங்கிக் கதைச்சுக்கொண்டு வாறியள். எனக்குச் சத்தி வந்தது, வாய் திறக்கேலாது. இல்லாட்டி அப்பவே சொல்லியிருப்பன்."

"தலையாட்டினியளே!"

"போட்டு ஆட்டினது, ஐயா." அவ பையைத் தூக்கிக்கொண்டு எழும்பினா. போகேக்கை திரும்பிப் பாத்து, "உங்கடை மனிசி பாவம்" எண்டு சொல்லிப்போட்டுப் போனா. ஆரெண்டே தெரியாத ஆள், அப்பிடிக் கதைக்கலாமே?

மேல்தட்டாலை மகள் இறங்கி வந்து "அம்மா எங்கை?" எண்டாள். நான் என்ன சொல்லுறது? போட்டுக்காரரைப் பிடிச்சுக் கத்தினன். "ஒரு மனிசியை அங்கை விட்டிட்டு வந்திட்டியள்!"

"நாங்களோ விட்டது?" எண்டு அந்தாள் என்னையே திருப்பிக் கேக்குது. "நீங்கள்தானே ஐஞ்சு பேரும் ஏறியாச்செண்டு கத்தினியள். இண்டைக்கு இனிப் போட்டில்லை. காலமை வாங்கோ."

போன் அடிக்கலாம் எண்டால், அவவின்ரை போன் என்ரை பையுக்கை. கடலுக்கை விழுந்திடும் எண்டு எல்லாற்றை போனையும் நான்தான் வாங்கி வைச்சிருந்தனான். மகள் அழுகிறாள், பேத்தி அழுகிறாள், மருமகன் மட்டும் யோசிச்சு, தன்ரை போனை என்னட்டை வாங்கி, செலஸ்ரீனாவின்ரை நம்பரை எடுத்து அடிச்சார். அந்தாளிலை அண்டைக்குத்தான் எனக்கு ஒரு மதிப்பு வந்தது. செலஸ்ரீனா எடுத்து, "அன்ரியோ? இந்தா நிக்கிறா" எண்டாள்.

நான் போனைப் பறிச்சன். "தவம்! பயந்து போனியோ?"

"என்னத்துக்குப் பயம்?"

"அசையாதை. அங்கையே நில். நாளைக்கு முதல் போட்டிலை வாறன்."

"அவசரமில்லை. ஆறுதலா வாங்கோ. பொறுங்கோ, கூழ் அடிப்பிடிக்கப் போகுது" எண்டு போனை வைச்சிட்டா.

என்ரை மனிசி, முப்பத்தாறு வருசத்திலை முதல்முதலா, நான் கதைச்சு முடிக்க முன்னம் போனை வைச்சிட்டா! பயத்திலை மனிசிக்கு மூளை குழம்பிப்போச்செண்டு மகளிட்டைச் சொன்னன். அவள் கண்ணைத் துடைச்சுக்கொண்டு என்னைப் பாத்தாள். பாத்துக்கொண்டே சிரிக்கத் தொடங்கினாள். நிப்பாட்டவே மாட்டன் எண்டிட்டாள்.

அடுத்த நாள் காலமை தனியத்தான் போனன். அண்டைக்குக் கடல் மோசம். போட்டுக்கை பக்கத்திலை ஆரும் இருந்தவையோ தெரியாது, நான் ஒருத்தரோடையும் கதைக்கேல்லை. என்ன சொல்லி ஏசிறது எண்டு அடுக்கிக்கொண்டு போனன். செலஸ்ரீனாவின்ரை வளவுக்குப் போனால் ஆளைக் காணேல்லை.

"அன்ரி கடலுக்கை" எண்டாள் அவள்.

தம்பி, உண்மையாச் சொல்லுறன். ஏச்செல்லாம் மறந்து போச்சு. அந்தக் கல்லு மதிலுகளுக்கு நடுவாலை, இந்த வயசிலை, சப்பாத்தோடை ஓடினன். ஓடேக்கை என்ன நினைச்சன் தெரியுமே? வீட்டிலை சீனிப் போத்தல் எங்கை இருக்கு, என்ரை பிறசர்க் குளிசை எங்கை இருக்கு, ஒண்டும் எனக்குத் தெரியாது எண்டு நினைச்சன். அப்பிடி ஒரு நேரத்திலை மனிசனுக்கு உதே நினைப்பு வரும்? வந்தது. நான் பொய் சொல்லேல்லை. பேந்து அவவின்ரை முகத்தை நினைச்சுப் பாத்தன். கண்ணாடி போடுறவவோ இல்லையோ எண்டு ஒரு கணம் குழம்பிப்போச்சு. வாசிக்கேக்கை போடுறவ. அது பேந்துதான் ஞாபகம் வந்தது.

கரையிலை போய் நிண்டு பாக்கிறன். செலஸ்ரீனாவின்ரை பெட்டையள் ரெண்டு பேருக்கு நடுவிலை, ஆற்றையோ பூப்போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு, கழுத்தளவு தண்ணியிலை நிக்கிறா. அலை வரேக்கை மூண்டு பேருமாய்த் துள்ளுகினம். கூவுகினம். அறுபது வயசு மனிசி!

"தவம்! வெளியிலை வா!" எண்டு கத்தினன். அவ காதிலை கையை வைச்சுக் காட்டுறா, கேக்கேல்லையாம். காத்து என்ரை பக்கமாத்தான் அடிக்குது, அது உண்மை. இன்னொருக்காக் கத்தினன். திரும்பவும் காதிலை கை. கடைசியா நானே இறங்கினன். சப்பாத்து, காற்சட்டை எல்லாத்தோடையும் இடுப்பளவுக்கு.

பெட்டையள் என்னைக் கண்டிட்டு அங்காலை போட்டுதுகள்.

"எப்பிடி விடுபட்டனி?" எண்டு கேட்டன். "போட்டுக்காரர் மறிச்சவங்களோ?"

"ஒருத்தரும் மறிக்கேல்லை" எண்டா. "துறையிலைதான் நிண்டனான், கடைசிப் பையோடை. நீங்கள் ஐஞ்சு எண்டு கத்தினது கேட்டது. அப்ப நான் ஏறேல்லை."

"அப்ப என்னைக் கூப்பிட்டிருக்கலாமெல்லே?"

"கூப்பிட்டிருக்கலாம்."

"ஏன் கூப்பிடேல்லை?"

ஒரு அலை வந்து ரெண்டு பேரையும் தூக்கி வைச்சுது. "என்னைக் காணேல்லை எண்டு எப்ப தெரியும் எண்டு பாப்பம் எண்டு நிண்டன். போட்டு எடுக்கேக்கை தெரியும் எண்டு நினைச்சன். பேந்து, அந்தா, அந்தத் திருப்பத்திலை திரும்பும் எண்டு நினைச்சன். பேந்து போட்டே தெரியேல்லை. ஒரு பாட்டம் அழுதன். அழுது முடியச் செலஸ்ரீனாவிட்டை நடந்து வந்தன்." எண்டிட்டு, "எப்ப தெரிஞ்சது உங்களுக்கு?" எண்டு கேட்டா.

பொய் சொல்லியிருக்கலாம். தண்ணியிலை நிக்கேக்கை பொய் வரேல்லை. எல்லாம் சொன்னன். சீலை, துவாய், ஒரு மணித்தியாலக் கதை, எல்லாம். ஏசுவா எண்டு பாத்தன். அவ சிரிக்கத் தொடங்கினா. அடுப்படியிலை கேட்ட அதே சிரிப்பு. சிரிச்சு உப்புத்தண்ணி குடிச்சு இருமி, திரும்பச் சிரிச்சா.

"அவ ஒரு சொல்லும் கதைக்கேல்லை, உங்களுக்கு அது நானில்லை எண்டு விளங்கேல்லையோ?"

"நீயும் கதைக்கிறேல்லைத்தானே" எண்டன்.

சிரிப்பு நிண்டிட்டுது. நான் ஏதோ பிழையாச் சொல்லிப்போட்டன் எண்டு விளங்கிச்சுது, என்ன பிழை எண்டு விளங்கேல்லை. உள்ளதைத்தானே சொன்னனான்?

கதையை மாத்துவம் எண்டு, "சரி, விடு. கனடாக் கதை முடிஞ்சுது. நான் கேக்க நீ வேண்டாமெண்டு தலையாட்டினாய்தானே" எண்டன். அப்பிடி ஒரு வேகத்திலை வாயாலை வந்திட்டுது.

"தலையாட்டினது நானில்லை" எண்டா.

"ஓம், அது தெரியும், எண்டாலும்..."

"என்னைக் கேளுங்கோ."

"என்னத்தைக் கேக்கிறது?"

"அவவைக் கேட்டதை என்னைக் கேளுங்கோ."

தம்பி, கழுத்தளவு தண்ணியிலை நிண்டுகொண்டு ஒரு மனிசி அப்பிடிச் சொன்னால் நீங்கள் என்ன செய்வியள்? கேட்டன். "சுகந்தி உன்னைக் கனடாவுக்குக் கேக்கிறாள். உனக்குப் போக விருப்பமோ?"

"ஓம்" எண்டா. "நேற்றிரவே அவள் செலஸ்ரீனாவின்ரை போனுக்கு எடுத்துக் கேட்டவள், சொல்லிப்போட்டன். எண்டாலும் நீங்கள் ஒருக்காக் கேக்க வேணும் எண்டிருந்தது."

நான் கண்ணைத் துடைச்சன். உப்புத்தண்ணி போயிருக்கும். "அப்ப நான் தனிய என்ன செய்யிறது?" எண்டு கேட்டன்.

"சீனிப் போத்தல் மேல்தட்டிலை இருக்கு" எண்டா. நான் அதைப் பற்றி வாய் திறக்கவே இல்லை! எப்பிடித் தெரிஞ்சுது? இண்டை வரைக்கும் எனக்கு விளங்கேல்லை.

அண்டைக்குப் பின்னேரப் போட்டிலையும் அவ வரேல்லை. "நீங்கள் வேணுமெண்டால் போங்கோ, நான் நாளைக்கு வாறன்" எண்டா. நானும் நிண்டன். ஈரக் காற்சட்டையைக் காயப்போட்டிட்டு, செலஸ்ரீனாவின்ரை புருசனின்ரை சாரத்தைக் கட்டிக்கொண்டு இருந்தன். வெங்காயம் உரிக்கத் தந்தவை.

கார்த்திகையிலை போனவ, வைகாசியிலை வந்தவ. பேரன் பிறந்தது, நல்ல சுகம். ஆறு மாசமும் நான் என்ரை கையாலைதான் சமைச்சன். புட்டுச் சரிவரேல்லை. மாவிலை பிழை. அங்கை அவ என்ன செய்தவ தெரியுமே? பேத்தியோடை போய் நீச்சல் பழகியிருக்கிறா! உள்ளுக்கை சுடுதண்ணிக் குளமாம். படம் அனுப்பினவ, தலையிலை ரப்பர்த் தொப்பி. நான் அதை ஒருத்தருக்கும் காட்டேல்லை. காட்டட்டே உங்களுக்கு? சரி, விடுங்கோ, போன் சாச் இல்லை.

இப்ப மூண்டு நாளா நெடுந்தீவிலை நிக்கிறா, செலஸ்ரீனாவோடை. தனியப் போனவ. என்னையும் கூப்பிட்டவதான், "வாறதெண்டால் வாங்கோ" எண்டு. அதைக் கூப்பிட்டதெண்டு எடுக்கலாமோ? நான் போகேல்லை. ரெண்டாம் நாள் போயிருக்கலாம் எண்டு நினைச்சன். பேந்து அதுவும் சரியில்லை எண்டு விட்டிட்டன்.

அந்தா, போட்டு வந்திட்டுது. நீங்கள் பையைத் தூக்குங்கோ, முதல் இறங்கிற ஆக்களை இறங்க விட்டிட்டு ஏறுங்கோ. மேல்தட்டிலை இருங்கோ, உள்ளுக்கை வேண்டாம்.

அந்தா வாறா. கறுத்தச் சட்டை போட்ட பொம்பிளைக்குப் பக்கத்திலை. அந்தப் பொம்பிளை ஆரெண்டு எனக்குத் தெரியாது, அவவுக்கும் தெரியுமோ தெரியாது. பாருங்கோ, கையை ஆட்டி ஆட்டி என்னமாய்க் கதைச்சுக்கொண்டு வாறா எண்டு. மற்ற மனிசி வாய் திறக்க இடமில்லை. இறங்கியும் கதை முடியேல்லைப் போலை. துறை நடுவிலை நிண்டு கதைக்கிறா. சனம் சுத்திப் போகுது.

ஓம், என்னைக் கண்டிட்டா. கையைக் காட்டுறா, பொறுக்கட்டாம்.

நீங்கள் போங்கோ தம்பி, போட்டுக்கு நேரமாகுது. எனக்கு அவசரமில்லை. அவ கதைச்சு முடிக்கட்டும்.